சீனத்துச் சாமி மீதான விசாரணை

இத்தாலியின் பலெர்மோ நகரில் இருக்கும் கடல்முகப் பிள்ளையார் கோவிலிலிருந்து கடல் தெரியாது. முன்னால் டயர் கடைக்காரனின் சுவர்தான் தெரியும். ஒரு காலத்தில் கார் திருத்தும் இடமாக இருந்ததை வாடகைக்கு எடுத்துப் பிள்ளையாரை இருத்தியபோது கடல் எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கோவிலுக்கு ஒரு பரிபாலன சபை வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே மனதாக இருந்தார்கள். தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர், போசகர், காப்பாளர், போசகருக்கும் காப்பாளருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்ல ஓர் ஆலோசகர் என்று சபை கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி நீண்டுகொண்டே போனது. பிள்ளையார் மட்டும் வந்த அன்று இருந்த அளவிலேயே இருக்கிறார்.

இந்தச் சபையின் கையில்தான் பத்மநாதன் போய் மாட்டிக்கொண்டார். யாரும் அவரைப் பிடித்துத் தள்ளவில்லை. தானாகவே பஸ் ஏறி, டிக்கெட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

பத்மநாதன் அகஸ்ரீனா என்ற வயதான இத்தாலிய அம்மாவின் வீட்டில் வேலை செய்தவர். அவரைச் சின்யோரா என்றுதான் கூப்பிடுவார். வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாடி வீடு. சமையல், துப்புரவு, மருந்து எடுத்துக் கொடுப்பது, பின்னேரங்களில் கைபிடித்து உலாத்துவது எல்லாம் அவர்தான். சின்யோராவுக்குப் பிள்ளைகள் இல்லை. முழங்கால் முற்றாக மறுத்துவிட்ட பிறகு, பகேரியாவில் பழைய மாளிகை ஒன்றில் நடக்கும் முதியோர் இல்லத்துக்குப் போக முடிவெடுத்தார். முதலில் இன்னொருவரோடு சேர்ந்துதான் அறை கிடைக்கும், தனி அறை பிறகுதான் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் வீட்டைப் பூட்டிய அன்று, தன் கட்டிலுக்குப் பக்கத்தில் பிறந்த நாள்முதல் இருந்த வெண்கலச் சிலையைத் தூக்கிப் பத்மநாதனின் கையில் கொடுத்தார்.

"தனி அறை கிடைத்ததும் இவரைக் கொண்டு வா. என் அக்காவின் மகனிடம் கொடுத்தால் அடுத்த நாளே சந்தையில் விற்றுவிடுவான். உன்னைத் தவிர எனக்கு நம்ப ஆளில்லை, நாதன்."

சின்யோராவின் பாட்டனார் கப்பலில் வைத்தியராக இருந்தவர். சீனாவிலிருந்து அவர் கொண்டுவந்த சிலை அது. முழங்கை உயரம், கையை இழுக்கும் பாரம். உட்கார்ந்த கோலம், வெறுங்கால், முதுகில் அவிழ்ந்து விழும் முடி, நெஞ்சில் கவசம், அதற்கு மேல் அங்கி, முகத்தில் மெல்லிய தாடி. காலடியில் ஓர் ஆமை, ஆமையைச் சுற்றிக்கொண்டு ஒரு பாம்பு. உடம்பு முழுக்க சிரட்டைக் கறுப்பு. அங்கியின் மடிப்புகளில் பச்சை பூத்திருந்தது. ஒரு காலத்தில் பூசிய பொன் தோளில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. சின்யோரா படுக்கப் போகுமுன் அதற்கு நல்லிரவு சொல்லுவார். அது ஒருநாளும் பதில் சொன்னதில்லை, ஆனால் சொல்லாத நாளில் தனக்கு நித்திரை வருவதில்லை என்பார்.

பத்மநாதன் பிரான்காச்சோ என்ற பகுதியில் அரசாங்க மாடிக் குடியிருப்பில் இருக்கிறார். சிலையோடு வாசலில் நின்றவரை மனைவி குகனேஸ்வரி உள்ளே விடவில்லை.

"இஞ்சருங்கோ, சாண் உயரத்துக்கு மேலை விக்கிரகம் வீட்டிலை வைக்கிறதோ? வைச்சால் நேரத்துக்கு நேரம் பூசை செய்ய வேணும். இஞ்சை கிழமையிலை பாதி நாள் மச்சம் மாமிசம் காய்ச்சிறம்."

"இது எங்கடை சாமி இல்லையப்பா. சீனாக்காரரின்ரை."

"ஆரின்ரை சாமியெண்டாலும் பசி பசிதானே? கோவிலிலை குடுத்து வையுங்கோ. அங்கை ஐயர் ஒரு பூவாவது வைப்பார்."

அதில் ஒரு நியாயம் இருப்பதாகப் பத்மநாதனுக்குப் பட்டது. வீட்டுக்குள் பெரிய விக்கிரகம் கூடாது என்பதை அவருடைய தாயும் சொல்லித்தான் இருக்கிறார். அப்படித்தான் பஸ் ஏறினார்.

கோவிலில் ஐயர், "அதுக்கென்ன, ஒரு மூலையிலை இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். ஐயர் சொன்னால் ஆகிவிடும் என்று நினைத்தது பத்மநாதனின் அறியாமை. சபைத் தலைவர் குணரத்தினம் வந்தார். அவர் பகலில் ஒரு வக்கீல் வீட்டு நாய்களை உலாத்திக்கொண்டு போகிறவர். அதனால் தனக்குச் சட்டம் தெரியும் என்று நம்புகிறவர். சிலையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு மறுபக்கமாக ஒருமுறை நடந்தார்.

"ஆர் தந்தது?"

"சின்யோரா, அண்ணை."

"ஏன் தந்தவ?"

"பத்திரமாய் வைச்சிருக்கச் சொல்லி."

"பத்திரமாய் வைச்சிருக்கச் சொல்லித் தந்ததை ஏன் எங்களிட்டைக் கொண்டு வாறியள்?"

தலைவர் குனிந்து சிலையின் முகத்தைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவருடைய குரல் தாழ்ந்திருந்தது.

"தம்பி, இது புத்தர்."

இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். ஊரில், தமிழர் இருக்கும் வடக்குப் பக்கம், ஓர் அரசமரத்தடியில் விடியும்போது ஒரு புத்தர் சிலை இருக்கும், பிறகு அதற்கு ஒரு கூரை வரும், பிறகு ஒரு பலகை, பிறகு ஒரு காவல் கொட்டில். கோவில் காணி யாருடையது என்று பிறகு கோவில்காரர்தான் அலைந்து நிரூபிக்க வேண்டும். அந்தப் பயம் பொய்யான பயமில்லை. அந்தப் பயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சபை செய்ததுதான் பார்க்கச் சகிக்காதது. காணியே இல்லாத கோவிலில், வாடகைக் கட்டடத்தில், வெளியே டயர் கடைக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, அன்றைக்கே அவசரக் கூட்டம் கூடிவிட்டது.

"புத்தருக்குத் தாடி இல்லையே" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

"அதுதான் எனக்குச் சந்தேகம்," என்றார் தலைவர். "ஒளிக்க ஒண்டும் இல்லாத ஆள் ஏன் தாடி வைக்கவேணும்?"

தாடி வைத்திருந்த போசகர் நிலத்தைப் பார்த்தார். செயலாளர் நாகபூசணி எழுந்து, காலடியில் பாம்பு இருப்பதால் இது நாகதம்பிரானாகவும் இருக்கலாம் என்றார். அப்படியானால் ஆமை எதற்கு என்று காப்பாளர் கேட்டார். ஆமை பெருமாளின் அவதாரம், ஆகவே இதற்குப் பின்னால் பெருமாள் கோவில்காரர் இருக்கலாம் என்று ஆலோசகர் ஆலோசனை சொன்னார். பலெர்மோவில் பெருமாள் கோவில் கிடையாது. அது இன்னும் சந்தேகமாக இருக்கிறது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அப்போது தலைவர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார்.

"அன்பார்ந்த அடியார்களே! நான் ஆரையும் சந்தேகப்படுற ஆள் இல்லை. என்ரை மனுசியைக்கூட ஒருக்கா விசாரிச்சுப்போட்டு முழுசாய் நம்பிறனான். இந்தச் சபை தொடங்கின நாளிலை இருந்து நாங்கள் விசாரிக்காத விசயம் இல்லை. பஞ்சாமிர்தத்திலை வாழைப்பழம் குறைஞ்சதை விசாரிச்சம். கொடியேத்தத்திலை மழை பெய்ததை விசாரிச்சம். இண்டுவரைக்கும் ஒண்டையும் கண்டுபிடிக்கேல்லை. எங்கடை எதிரிகள் எவ்வளவு கெட்டிக்காரர் எண்டதுக்கு இதைவிடச் சாட்சி வேணுமோ?"

கைதட்டல் விழுந்தது. பத்மநாதனும் தட்டினார். தட்டாமல் இருந்தால் பக்கத்தில் இருப்பவர் பார்ப்பார் என்று தோன்றியது.

இதே ஆட்கள்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெக்ரீனோ மலையேறி, சாந்த ரொசலியா என்ற கத்தோலிக்கப் புனிதையின் குகையில் மெழுகுதிரி கொளுத்தி, பிள்ளையின் பள்ளிக்கூடச் சோதனைக்கும் விசாவுக்கும் நேர்த்தி வைத்துவிட்டு வருகிறவர்கள். அந்த அம்மாவிடம் இதுவரை ஒருவரும் நீ யார், உனக்குப் பின்னால் யார் என்று கேட்டதில்லை. ஆனால் அந்த அம்மா மலையில் இருக்கிறார். சபையின் வாசலுக்கு வரவில்லை.

விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. சிலையைப் பார்த்தவர்களுக்கு ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம் இருக்கும் என்பதால், பார்க்காதவர்களை மட்டுமே அதில் போட்டார்கள். குழுவினர் தங்கள் நடுநிலையைக் காப்பாற்றும் பொருட்டு இனியும் அதைப் பார்ப்பதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். சிலையை வெள்ளை வேட்டியில் சுற்றி, ஒலிபெருக்கிச் சாமான் வைக்கும் அலுமாரியில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்கள். ஒருவரை ஒருவர் நம்பாததால் சாவியைத் தலைவரும் பூட்டைச் செயலாளரும் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அலுமாரியை நைலோன் கயிற்றால் கட்டவேண்டியதாயிற்று.

கொஞ்ச நாளில் பகேரியாவிலிருந்து சின்யோரா தொலைபேசியில் கூப்பிட்டார். தனி அறை கிடைத்துவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசையும் போட்டாயிற்று.

பத்மநாதன் ரயிலேறி வெறுங்கையோடு போனார். சின்யோரா பாதியாகி இருந்தார். இதயம் சோர்ந்துகொண்டு வருகிறது, அதிக நாள் சொல்ல முடியாது என்று தாதி வெளியில் வைத்துச் சொன்னாள். உள்ளே சின்யோரா அவருடைய கையைத்தான் முதலில் பார்த்தார்.

"எங்கே அவர்?"

"கொண்டு வருகிறேன், சின்யோரா."

"இங்கே இரவில் எனக்கு நித்திரை இல்லை, நாதன். போகும்போது தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கவேண்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை."

அந்த நிமிடத்தில் பத்மநாதனுக்குத் தன்மீதே வெறுப்பாக இருந்தது. நேரே கோவிலுக்குப் போனார்.

"பொருள் விசாரணையிலை இருக்குத் தம்பி," என்றார் தலைவர்.

"சின்யோராவுக்கு வருத்தம் கடுமை அண்ணை. அவ கண்மூட முந்திக் குடுக்கவேணும்."

"அவவுக்கு வருத்தம் கூடினதும் இது இஞ்சை வந்ததும் ஒரே நேரம். கவனிச்சனீங்களோ?"

"வயது போனவ, அண்ணை."

"ஏன் இவ்வளவு அவசரப்படுறியள்? குடுக்கேக்கை இந்த அவசரம் இல்லை. திருப்பிக் கேக்கேக்கை மட்டும் எங்கையிருந்து வந்தது?"

பத்மநாதன் மறுபடி போனார், மறுபடி கேட்டார். ஒவ்வொரு முறை கேட்டபோதும் சந்தேகம் ஒரு பிடி கூடியது. கேட்காமல் இருந்து பார்த்தார். ஏன் கேட்பதை நிறுத்திவிட்டார் என்று அதையும் விசாரணைக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

சிலையின் பூர்வீகம் அறிய ஒரு நிபுணர் வேண்டும் என்று குழு கேட்டது. மொரீசியஸ்காரரான ஜான்-பியேர் அகப்பட்டார். அவருடைய முப்பாட்டன் காலத்தில் தமிழ் பேசிய குடும்பம். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார், தமிழ் வராது. மொரீசியஸில் தங்கள் தெருவில் இருந்த சீனக் கடைக்காரர் வீட்டில் இப்படி ஆமையும் பாம்புமாக ஒரு சாமி இருந்தது என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார். அந்தத் தகுதி போதுமானதாக இருந்தது. அவர் இத்தாலி மொழியில் பேசினார். அது அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியது. ஆனாலும் சபையின் விதிக்கோவையான யாப்பின்படி அதன் மொழி தமிழ் என்பதால், விளங்கிய எல்லாவற்றையும் செயலாளர் மறுபடி தமிழில் சொல்லும்வரை முகத்தில் ஒன்றையும் காட்டாமல் இருந்தார்கள்.

"இவர் புத்தர் இல்லை. தாவோ மதத்துச் சாமி. அரச வாழ்க்கையை விட்டுவிட்டு மலையில் தவம் செய்தவர் என்று அந்தக் கடைக்காரர் சொல்லுவார். வடக்குத் திசைக்குக் காவல் தெய்வம்."

மொழிபெயர்ப்பு முடிந்ததும் சபை எழுந்து நின்றுவிட்டது.

"எந்த வடக்குக்கு?" என்று தலைவர் கேட்டார்.

"வானத்தின் வடக்கு. பொதுவாக வடக்கு" என்றார் ஜான்-பியேர்.

"பொதுவாய் வடக்கெண்டு உலகத்திலை ஒண்டும் இல்லை. ஊரிலை தெற்குத் துறைமுகத்தைச் சீனாக்காரர் எடுத்தாச்சு. இப்ப வடக்குக்குக் காவலாளி அனுப்பியிருக்கினம். அதுவும் நேரை அனுப்பாமல் பலெர்மோவாலை சுத்தி அனுப்பியிருக்கினம்!"

பிறகு எல்லோருடைய பார்வையும் ஜான்-பியேர்மேல் போனது. பெயர் பிரெஞ்சு, பேச்சு இத்தாலி, நெற்றியில் விபூதி, தெரிந்து வைத்திருப்பது சீனத்துச் சாமி. அவர் பொறுமையாக எழுந்து, இனித் தைப்பூசத்துக்கு மட்டும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுசன். போகும்போது பத்மநாதனின் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அலுமாரிக்குக் காவல் போட்டார்கள். காவல்காரரைக் கவனிக்க ஒருவரைப் போட்டார்கள். அவரைக் கவனிக்கக் கமெரா பூட்டினார்கள். கமெராவில் விழுந்தது எல்லாம் காவல்காரர் கொட்டாவி விடுவதும், கவனிப்பவர் கடலைப் பருப்புத் தின்பதும்தான். கடலைப் பருப்பு யாருடையது என்று தனியாக ஓர் உபகுழு விசாரித்தது.

சந்தேகம் ஒட்டிக்கொள்ளும் வியாதி. பத்மநாதன் பிரசாதத்துக்குக் கை நீட்டினால் முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். குகனேஸ்வரியிடம் சில பெண்கள் கதைப்பதை நிறுத்தினார்கள். பத்மநாதனுக்குமே ராத்திரி படுத்தால் யோசனை ஓடியது. உண்மையில் சின்யோராவின் பாட்டனார் வைத்தியர்தானா? கோவிலிலை குடுத்து வையுங்கோ என்று குகனேஸ்வரி ஏன் அவ்வளவு கெதியாக, யோசிக்காமலே சொன்னாள்? தன்னோடு இத்தனை வருடம் கஞ்சி குடித்தவளைத் தான் இப்படி யோசிக்கிறேனே என்று வெட்கப்பட்டு, எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார்.

திருவிழா நெருங்கியது. ஒலிபெருக்கி எடுக்க அலுமாரியைத் திறந்தே ஆகவேண்டும். அதற்குள் முடிவு காணவேண்டும் என்ற நிலையில் நாகபூசணிக்கு ஒரு யோசனை வந்தது. சிலை ஏன் இவ்வளவு கறுப்பு? கறுப்புக்குக் கீழே ஏதோ எழுதி மறைத்திருக்கிறார்கள். கழுவினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பத்மநாதனுக்கு யாரோ சொல்லி அவர் ஓடி வந்தபோது, பெண்கள் கோவிலின் பின்பக்கக் குழாயடியில் புளியும் பிழியத் தேசிக்காயும் சாம்பலும் தேங்காய்த் தும்பும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குத்துவிளக்குகளை விளக்கி முடித்த கையோடு சிலையை மடியில் சரித்திருந்தார்கள். ஒரு முழங்கால் ஏற்கெனவே மஞ்சளாகிவிட்டது.

"தேய்க்காதேங்கோ! அது அழுக்கில்லை. அது அப்பிடித்தான் இருக்கவேணும்!"

பெண்களின் கை நின்றது. தலைவர் மெதுவாகத் திரும்பி எல்லோரையும் பார்த்தார்.

"கேட்டியளோ? கழுவ வேண்டாமாம்."

அதற்குப் பிறகு இரண்டு மடங்கு புளி போட்டார்கள். பத்மநாதன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒரு முழங்காலோடு களைத்துப்போய் விட்டிருப்பார்கள். அங்கி மடிப்பில் பூத்திருந்த பச்சையை ஈர்க்குக் குச்சியால் தோண்டி எடுத்தார்கள். தோளில் ஒட்டியிருந்த பொன் சாம்பலோடு சாம்பலாய்ப் போய்க் குழாயடித் தண்ணீரில் கலந்தது. தலைவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடி, முதுகு, ஆமை வயிறு எல்லாம் பார்த்தார். ஓர் எழுத்தும் இல்லை.

அன்று மாலைப் பொதுக்கூட்டத்தில் தலைவர் பேசினார்.

"எங்கடை விசாரணை முழு வெற்றி. சந்தேகப்பட ஒண்டும் இல்லையெண்டு கண்டுபிடிச்சிருக்கிறம். இதை நாங்கள் சந்தேகப்படாமல் விட்டிருந்தால் ஒருநாளும் கண்டுபிடிச்சிருக்க ஏலாது. அழுக்காய் வந்தவரைப் பவுன் மாதிரி ஆக்கி அனுப்புறம். தம்பி பத்மநாதனிலை இந்தச் சபைக்கு இண்டையிலை இருந்து ஒரு சந்தேகமும் இல்லை. இனி வந்தால் பாப்பம்."

பத்மநாதனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சிலைக்கும் ஒன்று போர்த்தினார்கள். படம் எடுத்தார்கள். படத்தில் பத்மநாதன் அழுவது போலத் தெரிந்ததால் இன்னொரு படம் எடுத்தார்கள்.

அடுத்த நாள் விடிந்ததும் முதல் ரயிலிலேயே பகேரியாவுக்குப் போனார். சிலையைத் துவாயில் சுற்றி மடியில் வைத்திருந்தார். சின்யோரா இருக்கவேண்டும், கண் திறந்திருக்கவேண்டும் என்று பிள்ளையாரைக் கேட்டார். சபையைத் தாண்டிப் பிள்ளையாருக்குக் கேட்குமோ என்று ஐயமாக இருந்தது, அதனால் சாந்த ரொசலியாவையும் கேட்டுவைத்தார்.

சின்யோரா இருந்தார். கண் திறந்திருந்தது. பத்மநாதனையும் துவாய்ப் பொதியையும் கண்டதும் முகம் முழுக்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து, பட்டது எல்லாம் போகட்டும் என்று பத்மநாதனின் நெஞ்சு நிறைந்தது. பொதியை அவிழ்த்துச் சின்ன மேசையில் வைத்தார். யன்னல் வெயில் பட்டுச் சிலை இன்றைக்குக் கடையில் வாங்கிய பித்தளைச் செம்பு மாதிரி பளபளத்தது.

சின்யோரா தடவித் தடவி மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

"இது என்னுடையது இல்லை."

"இதுதான், சின்யோரா. கழுவிவிட்டார்கள்."

"யார்?"

"எங்கள் கோவிலில்."

"உன்னிடம்தானே தந்தேன். கோவிலுக்கு ஏன் கொடுத்தாய்?"

பத்மநாதன் சொல்லத் தொடங்கினார். சாண் உயரத்துக்கு மேல் விக்கிரகம் வீட்டில் வைக்கக்கூடாது என்றார். வீட்டில் மீன் சமைப்பதைச் சொன்னார். புத்தர் என்று நினைத்ததை, தாடியை, வடக்கை, கமெராவை, புளியைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருடைய காதிலேயே அது விழுந்தது. அத்தனையும் உண்மை. ஒரு களவாளி அவசரத்தில் இட்டுக்கட்டினாலும் இதைவிட நம்பும்படியாகச் சொல்லியிருப்பான்.

சின்யோரா தலையைச் சற்றுச் சரித்து, கண்ணைச் சுருக்கி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைப் பத்மநாதன் கோவிலில் நிறையப் பார்த்திருக்கிறார், இந்த முகத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை.

"சரி, நாதன். அது அங்கேயே இருக்கட்டும்," என்றார் கடைசியில். "நான் கொஞ்சம் படுக்கவேண்டும்."

பத்மநாதன் வழக்கம்போலத் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தார். சின்யோரா மற்றப் பக்கம் கையை நீட்டி, கட்டிலோரத்தில் கிடந்த தன் கைப்பையை மெதுவாகப் போர்வைக்குள் இழுத்து வைத்துக்கொண்டார்.

பத்மநாதனுக்கு அழுகை வந்தது. அழுதால் அதையும் சந்தேகிப்பார் என்று அடக்கிக்கொண்டு, தலையணையைத் தொடாமலே கையை எடுத்துவிட்டார்.